தடங்கலுக்கு வருந்துகிறோம்!

தோழர்களே!

'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற இரு சொற்களை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைத் தொலைக்காட்சியின் தொடக்கக் காலத்தில், ஓடிக்கொண்டிருந்த படம் திடீரென்று அறுந்துபோகும். பெட்டியின் முகத்தில் இவ்விரு சொற்களும் வந்து அமர்ந்துகொள்ளும். வீட்டுக்காரர் ஆன்டெனாவைத் திருப்ப மாடிக்கு ஓடுவார், கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அண்டை வீட்டுச் சிறுவர் கூச்சலிடுவர், பெரியவர்கள் அலுத்துக்கொள்வர். சற்று நேரத்தில் படம் வரும். வருத்தம் மறந்துபோகும்.

இயந்திரம் செய்த தடங்கலுக்கு வருத்தம் தெரிவித்தார்கள். நல்ல பண்பு, பாராட்டுவோம்! ஆனால், எந்த இயந்திரமும் பழுதாகாமலே, எந்தக் கம்பியும் அறுந்துபோகாமலே, ஒவ்வோர் இரவும் திட்டமிட்டு நடத்தப்பட்ட தடங்கல் ஒன்று இருந்ததே, அதற்கு வருந்தியவர் யார்? அதற்கு மன்னிப்புக் கேட்டவர் யார்? அந்தத் தடங்கலின் கதையைத்தான் இன்று உங்களிடம் எடுத்துரைக்க விரும்புகிறேன். பழங்கதை பேசிப் பொழுதுபோக்க அல்ல. அந்தக் கதை இன்னும் முடியவில்லை என்பதால்!

1975 ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் பிறந்தது. எப்படிப்பட்ட நேரம் அது? நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு இரண்டு திங்கள்கூட நிறையவில்லை. ஏடுகளின் மீது தணிக்கையாளரின் கத்திரி நடமாடிக்கொண்டிருந்தது. தலைவர்கள் சிறைக்குள்ளே, உண்மைகள் பூட்டுக்குள்ளே. வாய்கள் எல்லாம் கட்டப்பட்ட வேளையில் ஒரு புதிய வாய் திறக்கப்பட்டது என்றால், அது யாருடைய வாயாக இருக்க முடியும்? 1976 ஏப்ரல் முதல் நாள் தொலைக்காட்சியை வானொலியிலிருந்து பிரித்துத் தனித் துறையாக்கினார்கள். வீடு வேறாயிற்று, எசமானர் மாறவில்லை. டில்லியில் உள்ள அதே அமைச்சகத்தின் கையிலேயே கடிவாளம் இருந்தது.

ஆயினும், தமிழன் நன்றி மறப்பவன் அல்லன். அந்த நிலையத்தில் தமிழ்க் கலைஞர்கள் உழைத்தார்கள், உளமார உழைத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ஒரு மாலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். சுழன்று சுழன்று வரும் அந்தச் சின்னம். அதனோடு ஒலிக்கும் உருக்கமான இசை. பிறகு உழவர்க்கு 'வயலும் வாழ்வும்'. சிறுவர்க்குக் 'கண்மணிப் பூங்கா'. தெளிந்த உச்சரிப்பில் தமிழ்ச் செய்தி. நேயர் கடிதங்களுக்கு விடை கூற 'எதிரொலி'. வெள்ளிக்கிழமை என்றால் 'ஒலியும் ஒளியும்'! திரைப்படப் பாடல்களுக்கென்று ஒதுக்கிய அந்த அரைமணி நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடும். பெட்டி உள்ள வீட்டில் ஊரே கூடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு தமிழ்த் திரைப்படம். நிகழ்ச்சிகள் நாளுக்கு நாள் மாறும். கூடு மட்டும் மாறாது.

கூடு என்று ஏன் சொல்கிறேன்? 1982 ஆகஸ்டு 15 முதல் 'தேசிய நிகழ்ச்சி' என்ற பெயரால் டில்லியின் ஒளிபரப்பு நாடெங்கும் ஒரே நேரத்தில் திணிக்கப்பட்டது. எந்த நேரத்தில்? உழவன் வயலில் இருக்கும் நண்பகலிலா? ஊர் உறங்கும் நள்ளிரவிலா? இல்லை, தோழர்களே, இல்லை! ஆலைத் தொழிலாளி வீடு திரும்பி, குளித்து, உண்டு, களைப்பாறி, மனைவி மக்களோடு பெட்டியின் முன் உட்காருகிறானே, அந்த எட்டரை மணிக்குப் பின்! அடுப்படி வேலை ஓய்ந்து தாய்மார்கள் கூடத்துக்கு வருகிறார்களே, அந்தப் பொழுதில்! அப்போது சென்னை விடைபெற்றுக்கொள்ளும். டில்லி வந்து அமரும். முதலில் இந்திச் செய்தி. பிறகு ஆங்கிலச் செய்தி. இடையிலும் கடையிலும் இந்தி நாடகமும் இந்திப் பாட்டும். கூடம் நிறைய மக்கள். பெட்டி நிறைய ஓசை. பொருள் விளங்கிய உள்ளங்கள் எத்தனை? இதுதான் நான் சொல்லும் தடங்கல்.

'எதிரொலி'க்கு ஒருவர் கடிதம் எழுதி, "எட்டரைக்குப் பின் எங்கள் தமிழ் எங்கே போயிற்று?" என்று கேட்டிருந்தால், சென்னையில் இருந்தோர் என்ன விடை கூறியிருக்க முடியும்? கடிகாரத்தின் சாவி அவர்களிடம் இல்லையே!

ஓர் உழவனிடம் ஒருவர் சொன்னாராம்: "நிலம் உன்னுடையது, ஏரும் உன்னுடையது, விதையும் உன்னுடையது, எதிலும் நான் தலையிட மாட்டேன். மடையைத் திறக்கும் நேரத்தை மட்டும் நான் குறிப்பேன்." அந்த உழவனுக்கு மிஞ்சியது என்ன? நிலையம் நமக்கு; நேரம் அவர்களுக்கு. முகம் நமக்கு, முடிவு அவர்களுக்கு. இதற்குத்தான் 'மாநில நிலையம்' என்று பெயர் சூட்டினார்கள்.

சென்னையில் உள்ளவர்க்கேனும் எட்டரை வரை தமிழ் கிடைத்தது. மற்ற ஊர்களின் கதை என்ன? 1983இல் இன்சாட் 1பி செயற்கைக்கோள் வானேறியது. 1984இல், "நாளொன்றுக்கு ஓர் ஒளிபரப்பி" என்ற முழக்கத்தோடு, சிறுதிறன் ஒளிபரப்பிகளை நாடெங்கும் நட்டார்கள். அவை தொடக்கத்தில் செயற்கைக்கோள் வழியாக எதை வாங்கித் தந்தன? டில்லியின் நிகழ்ச்சியை! தமிழ்நாட்டு ஊரில் நிற்கும் கோபுரம், தமிழ்நாட்டுத் தலைநகரின் குரலை வாங்க வழியில்லாமல், ஆயிரம் கல் தொலைவிலுள்ள டில்லியின் குரலை ஊதிற்று. தென்கடற்கரை ஊர்களில் பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி, 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைப் பார்த்தார்கள். சொந்த நாட்டுத் தொலைக்காட்சியில் தமிழ் எட்டவில்லை. கடல் கடந்து வந்த அலையில் சிறிது தமிழ் கிடைத்தது. இதைவிட வெட்கக்கேடு வேறு வேண்டுமா?

"ஒருமைப்பாட்டுக்காகச் செய்தோம்" என்கின்றனர். ஒருமைப்பாடு வேண்டாம் என்று யார் சொன்னார்? இந்தி பேசும் ஏழை உழவன்மீது நமக்குப் பகை உண்டா? அவனும் நம்மைப் போல் வியர்வை சிந்துபவன், அவன் மொழி அவனுக்குத் தாய், வணங்குகிறோம். ஆனால், ஒருமைப்பாடு என்றால் ஒருவர் பேச மற்றவர் எல்லோரும் கேட்பதா? அல்லது ஒருவர் பேச்சை மற்றவர் மாறி மாறிக் கேட்பதா? பீகாரில் இருப்பவன் எத்தனை இரவு தமிழ் கேட்டான்? ஒருவழிப் பாதைக்கு ஒற்றுமை என்று பெயரிடலாமா?

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. மத்திய சர்க்காரே 1982இல் அமைத்த பி. சி. ஜோஷி குழு, தொலைக்காட்சியின் டில்லி மையப் போக்கைக் குறை கூறிற்று. தாமே அமைத்த குழு! தாமே கேட்ட அறிக்கை! கேட்டு வாங்கி, அலமாரியில் அடுக்கிவைத்தார்கள்.

"பல மொழியில் ஒளிபரப்ப அன்று வசதி ஏது?" என்று வாதாடுவோரும் உண்டு. விடை கேளுங்கள். 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகக் கல்வித் தொலைக்காட்சி நடத்திக் காட்டியது இதே இந்திய சர்க்கார். அந்தச் செயற்கைக்கோள் ஒரு படத்தோடு இரண்டு ஒலித்தடங்களை ஏந்தி வந்தது. ஒரே காட்சிக்கு ஆந்திரச் சிற்றூரில் தெலுங்கு ஒலித்தது. கருநாடகச் சிற்றூரில் கன்னடம் ஒலித்தது. 1975இல் முடிந்தது 1982இல் ஏன் முடியாமற்போயிற்று? இல்லாதது கருவியா, மனமா? நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

இந்தத் தீர்ப்புக்கு உதவ, இதே 1982இல் உலகின் மற்றொரு மூலையில் நடந்ததையும் கேளுங்கள். பிரிட்டனில் வேல்ஸ் என்றொரு சிறு நாடு. 1981 கணக்கெடுப்பின்படி அங்கே வேல்ஸ் மொழி பேசியவர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர். "உங்கள் மொழிக்கு ஓர் அலைவரிசை தருவோம்" என்று தேர்தலில் வாக்களித்த இலண்டன் அரசு, 1979இல் பின்வாங்கியது. வேல்ஸ் மக்கள் சும்மா இருந்தார்களா? தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்ட மாட்டோம் என்று பலர் எழுந்தார்கள். அவர்தம் தேசியக் கட்சியின் தலைவர் க்வின்ஃபோர் எவான்ஸ், சாகும்வரை உண்ணாநோன்பு இருப்பேன் என்று 1980இல் அறிவித்தார். நோன்பு தொடங்குமுன்னரே, அந்த ஆண்டு செப்டம்பரில், இலண்டன் பணிந்தது. 1982 நவம்பர் முதல் நாள் வேல்ஸ் மொழி அலைவரிசை பிறந்தது. மாலையின் முதன்மையான நேரம் அவர்கள் மொழிக்குக் கிடைத்தது.

ஐந்து இலட்சம் பேர் தம் மாலைப் பொழுதை மீட்டுக்கொண்ட அதே ஆண்டில், 4 கோடியே 84 இலட்சம் மக்களைக் கொண்ட தமிழ்நாடு தன் மாலைப் பொழுதை இழந்தது! 1985 வரை நாமும் அஞ்சலகத்தில் வரிசையில் நின்று உரிமக் கட்டணம் கட்டினோம். நம் பணம் வடக்கே போயிற்று. வடக்கின் ஓசை நம் கூடத்துக்கு வந்தது. நாமோ வெள்ளிக்கிழமை அரைமணிப் பாட்டில் மயங்கியிருந்தோம். குற்றம் டில்லியினுடையது மட்டுமன்று, தோழர்களே! மேடையையும் நாடகத்தையும் திரையையும் படைக்கலமாக்கத் தெரிந்த இயக்கத்தார், தொலைக்காட்சியைப் பாட்டுப் பெட்டி என்று எண்ணியிருந்த காலமும் உண்டு. ஒப்புக்கொள்வோம்.

"அதெல்லாம் பழைய கதை, 1993இலிருந்து தனியார் தமிழ் அலைவரிசைகள் வந்துவிட்டன, இருபத்துநான்கு மணி நேரமும் தமிழ்தானே!" என்று நீங்கள் கூறக்கூடும். உண்மை; டில்லி மூடிய கதவைச் சந்தை திறந்தது. ஆனால், சந்தை எதற்காகத் திறந்தது? சரக்கு விற்க! விலை போகும் வரையில்தான் வணிகன் தமிழ் பேசுவான். உழவனுக்கு மழைச் செய்தி, மாணவனுக்குப் பாடம், கிராமியக் கலைஞனுக்கு மேடை — இவை விளம்பரம் ஈட்டா. இவற்றை ஏற்று நடத்தப் பொது நிலையம் வேண்டும். வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றமே 1995இல் தீர்ப்பளித்தது. அந்தப் பொதுமக்களில் தமிழன் இல்லையா? அவனால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநில அரசு இல்லையா?

இல்லை என்கிறது டில்லி! அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மத்தியப் பட்டியலின் 31ஆவது இனத்தில், அஞ்சலோடும் தந்தியோடும் ஒளிபரப்பையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதைக் காட்டி, மாநில அரசுகளும் அவற்றின் நிறுவனங்களும் ஒளிபரப்பில் இறங்கக் கூடாது; இறங்கியவையும் 2023 முடிவுக்குள் பிரசார் பாரதி வழியாகவே நடத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அமைச்சகம் அறிவுறுத்தியது. நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல 2019இல் நம் அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியையும் அந்தக் கை தொட்டது. வணிகன் ஒளிபரப்பலாம், வாக்குப் பெற்ற மாநில அரசு ஒளிபரப்பலாகாது! கள்ளச் சிரிப்புக்கு அலைவரிசை உண்டு. கணக்குப் பாடத்துக்கு அனுமதி வேண்டும்! இதற்குப் பெயர் கூட்டாட்சியா?

கடைசியாக ஒன்று. சென்னைத் தொலைக்காட்சிக்குப் பொன்விழா வந்தது. 2024 அக்டோபர் 18ஆம் நாள் அந்த விழாவை எதனோடு இணைத்துக் கொண்டாடினார்கள்? இந்தி மாத நிறைவு விழாவோடு! அந்த மேடையில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடப்பட்டபோது, 'திராவிடம்' என்ற சொல் வரும் அடி விடுபட்டது. நாடு கொதித்தது. கவனச் சிதறலால் நேர்ந்தது என்று நிலையத்தார் வருத்தம் தெரிவித்தனர்.

கேட்டீர்களா? அரை நூற்றாண்டு கழிந்தும் அதே அறிவிப்பு! தடங்கலுக்கு வருந்துகிறோம்!

பாடியவர்மீது நமக்குச் சினம் இல்லை. அங்கே உழைக்கும் தமிழர்மீது நமக்கு வருத்தம் இல்லை. நம் வழக்கு ஒன்றே ஒன்று: தமிழனின் மாலைப் பொழுதில் என்ன ஒலிக்க வேண்டும் என்பதைத் தமிழ்நாடு முடிவு செய்யவேண்டும், மடைச் சாவி இங்கே இருக்கவேண்டும். மாநில சுயாட்சி என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோமே, அது கோட்டையின் கொத்தளத்தில் மட்டும் இருப்பதன்று. கூடத்தில் இருக்கும் பெட்டிக்குள்ளும் இருப்பது.

ஆகவே, தோழர்களே, அடுத்த கிளைக் கூட்டத்தில் 31ஆவது இனத்தைப் படித்துக் காட்டுங்கள். படிப்பகத்தில் வேல்ஸ் நாட்டுக் கதையைச் சொல்லுங்கள். தொலைக்காட்சியின் முன் வளர்ந்த இளைஞனிடம், உன் பாட்டி எட்டரை மணிக்குப் பின் பொருள் புரியாமல் உட்கார்ந்திருந்தாள் என்று எடுத்துரையுங்கள். ஒளிபரப்பில் மாநிலத்துக்கு உரிமை கிடைக்கும்வரை ஓயாதீர்கள். அன்று, டில்லியைப் பார்த்து நாம் ஒரு வரி எழுதிக் காட்டுவோம். ஆதிக்கத்துக்கு நேர்ந்த தடங்கலுக்கு நாங்கள் வருந்தவில்லை!