மார்க்கா பதிவு: எந்த வகுப்பு என்று கேளுங்கள்

நம் வியாபாரிகள் மூட்டைக்கும் பாக்கெட்டுக்கும் பெயர் வைப்பதில் காட்டும் அக்கறையை, அந்தப் பெயரைப் பதிவு செய்வதில் காட்டுவதில்லை. பதிவு செய்தவர்களிடம் "எந்த வகுப்பில்?" என்று கேட்டாலும், "அது ஆடிட்டருக்குத்தான் தெரியும்" என்ற பதிலே வருகிறது. நிலம் வாங்கினால் நான்கெல்லையும் படித்துப் பார்க்கிற நாம், மார்க்கா விஷயத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

மார்க்கா என்பது பெயருக்கு மட்டும் கிடைக்கும் உரிமை அல்ல. இன்ன சரக்குக்கு இன்ன பெயர் என்றுதான் பதிவாகிறது. அதற்காகச் சரக்குகளை 1 முதல் 34 வரையும், சேவைகளை 35 முதல் 45 வரையும் வகுத்திருக்கிறார்கள். 1957-ல் பிரான்ஸ் நாட்டு நீஸ் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின் பிரிவினை இது. 2019-ல் நம் நாடும் அதில் முறைப்படி சேர்ந்தது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சரக்குக்கு மட்டுமே பதிவு இருந்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்த பிறகே சேவைக்கும் வழி பிறந்தது.

நம் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சரக்குகள் பதிவேட்டில் எட்டி எட்டி நிற்கின்றன. அரிசி, மாவு, மசாலா, உப்பு, சர்க்கரை, காப்பி, தேயிலை எல்லாம் 30. சமையல் எண்ணெய், நெய், ஊறுகாய் 29. ஊதுபத்தி 3, தீப்பெட்டி 34. நெல்லாக இருக்கும்வரை 31, அரைத்து அரிசியானால் 30. பதப்படுத்தாத எள் 31, ஆட்டிய நல்லெண்ணெய் 29, விளக்குக்கு என்று விற்கும் எண்ணெய் 4. தேங்காய் எண்ணெய் சமையலுக்கு என்றால் 29, தலைக்கு என்றால் 3. வரிக்குப் போடும் எச்.எஸ்.என். எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நம்மில் உண்டு.

நமக்குத் தெரிந்த எண்ணெய் வியாபாரி ஒருவர் நல்லெண்ணெய்க்கு 29-ல் மட்டும் பதிவு வைத்திருந்தார். வெளியூர்க்காரர் ஒருவர் அதே பெயரில் விளக்கெரிக்கும் எண்ணெயை 4-ல் பதிவு செய்து கடைகளில் இறக்கிவிட்டார். அதை வாங்கித் தாளித்துப் பார்த்த வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தது இவரிடம். பதிவகத்தின் இதழில் விளம்பரம் வெளியான 4 மாதத்துக்குள் ஆட்சேபம் கொடுத்திருக்கலாம். அந்த இதழை யார் பார்க்கிறார்கள்? வகுப்பு வேறு என்பதாலேயே எதிராளி தப்பிவிட முடியாது என்கிறார் வக்கீல். ஆனால் அதை நிரூபிக்கக் கோர்ட்டுப் படி ஏற வேண்டும். முன்பே இன்னொரு வகுப்பும் எடுத்திருந்தால், ஆன்லைனில் மனுப் போடும் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் கட்டணம் வகுப்புக்கு ரூ.4,500 தான்.

அதற்காக 45-லும் போட்டுவைப்பது வீண் செலவு. விற்காத சரக்கை வளைத்துப் போடவும் முடியாது. சார்மினார் சிகரெட் கம்பெனி 34-ஆம் வகுப்பில் புகையிலைச் சரக்கு அத்தனைக்கும் சேர்த்துப் பதிவு வாங்கியிருந்தது. விற்றதோ சிகரெட் மட்டும். 1996-ல் உச்ச நீதிமன்றம், பதிவு சிகரெட்டுக்கு மட்டுமே என்று சுருக்கியது சரியே என்றது. கர்நாடகப் பால் கூட்டமைப்பின் 'நந்தினி'க்கும் பெங்களூர் 'நந்தினி டீலக்ஸ்' ஓட்டலுக்கும் நடந்த வழக்கு 2018-ல் முடிந்தது. ஒரே வகுப்பு என்பதால் எல்லாச் சரக்கும் ஒருவருக்கே சொந்தமாகாது என்று கூறி, பாலும் பால் பொருளும் நீங்கலாக ஓட்டலுக்குப் பதிவை அனுமதித்தார்கள். ஆகவே மனுவில் எழுதும் சரக்குப் பட்டியலை ஏஜெண்டிடம் விடாமல், நம் பில் புத்தகத்தைப் பார்த்து நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். பிறர் சரக்கை வாங்கி விற்கும் மளிகைக் கடை, மொத்தக் கடைப் பெயருக்கு உரியது 35-ஆம் வகுப்பு. இதைப் பெரும்பாலோர் நினைத்தே பார்ப்பதில்லை.

"பதிவு செய்தால் வரி வருமே" என்று இன்றும் சிலர் தயங்குகிறார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, பதிவு பெற்ற மார்க்கா போட்ட அரிசி, பருப்புப் பொட்டலத்துக்கு 5 சதவீதம், மற்றதற்கு இல்லை என்றார்கள். அதற்குப் பயந்து பதிவையே விட்டவர்கள் உண்டு. அரசும் விடவில்லை; 2017 மே 15 அன்று பதிவில் இருந்தவை எல்லாம் பதிவு பெற்றவையே என்றது. பெயரைப் பாதுகாத்தவனுக்கு அபராதம் போட்ட விதி அது என்பது நம் கருத்து. ஆனால் 2022 ஜூலை 18 முதல் அளவுகோல் மாறிவிட்டது. 25 கிலோ வரை முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டியதா என்பதே கேள்வி. மார்க்கா பதிவாகியிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அன்று கைவிட்ட பெயரை வேறொருவர் பதிவு செய்வதற்குள் அதை மீட்க வேண்டும்.

கிண்டியில் உள்ள பதிவகத்துக்கு எல்லோரும் போய்வர முடியாது. விவரம் தெரிந்த ஒருவரை வரவழைத்து, நம் சங்க அலுவலகத்தில் மாதம் ஒரு நாள் உட்காரவைக்க நிர்வாகிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். உறுப்பினர்கள் பழைய பில்லும் காலி பாக்கெட்டும் கொண்டுவந்தால் போதும்.