விடுவிப்பு ஆணையில் எழுதப்படாத காரணம்

மனநோயின் பொருட்டுப் படைப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவரின் குடும்பத்தார் இரண்டு சுமைகளைச் சுமக்கின்றனர். ஒன்று நோய். மற்றொன்று, அந்நோயைப் பற்றி அரசு ஆவணத்தில் எழுதப்பட்ட ஒரு வரி. முதற்சுமையை இறக்கிவைக்க மருத்துவமனைக்கு வருகின்றனர். இரண்டாவதைப் பற்றி எவரிடமும் வாய்திறப்பதில்லை. இனி மாற்ற இயலாது என்று முடிவுகட்டி, அந்தத் தாளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். அந்த வரி மறு ஆய்வுக்கு உரியது என்பதையும், மறு ஆய்வு கோருவது நோயாளியின் நலத்துக்கும் உகந்தது என்பதையும் இக்கட்டுரை வலியுறுத்த விரும்புகிறது.

பெரும்பாலான ஆவணங்களில் அந்த வரி ஒரே மாதிரியாகத்தான் இருக்கும். நோய் படைப்பணியால் விளைந்ததன்று, படைப்பணியால் தீவிரமடைந்ததுமன்று, அது அவருடைய இயல்பிலேயே அமைந்தது என்பது அதன் பொருள். மனச்சிதைவு நோய், இருதுருவ மனநிலைக் கோளாறு, கடும் மனச்சோர்வு ஆகியவற்றால் விடுவிக்கப்பட்ட பலரின் தாள்களில் இதனைக் காணலாம். இயலாமை ஓய்வூதியம் கிடைப்பதும் கிடைக்காததும் இந்த வரியைப் பொறுத்தே அமைகின்றன. குடும்பத்துக்கு அது வேறொரு காயத்தையும் உண்டாக்குகிறது. நல்ல உடலும் தெளிந்த மனமும் உடையவர் என்று மருத்துவர்கள் சான்றளித்துச் சேர்த்துக்கொண்ட இளைஞனைச் சில ஆண்டுகளில் திருப்பி அனுப்பி, குறை முன்பே அவனிடம் இருந்தது என்று சொன்னால், பெற்றோர் அதனை எவ்வாறு ஏற்பர்? பரம்பரையைத் துருவி, தாய்வழி, தந்தைவழி என்று பழி பேசிய குடும்பங்கள் உண்டு.

சட்டம் இவ்வளவு எளிதாக முடிவுகட்டச் சொல்லவில்லை. 1982ஆம் ஆண்டின் ஓய்வூதிய உரிமை விதிகளின்படி, பணியில் சேரும்போது நோய் குறித்த பதிவு எதுவும் இல்லையெனில், அவர் நலமுடன் இருந்தார் என்றே கொள்ளவேண்டும். பின்னர் நோய் வந்து விடுவிக்கப்பட்டால், அது பணிக்காலத்தில் தோன்றியதாகவே பொதுவாகக் கருதப்படும். சேரும்போது கண்டறிய இயலாத நோய் அது என்று மருத்துவர் கருதினால், அதற்கான காரணத்தை எழுதவேண்டும். ஐயம் எழுந்தால் அதன் பயன் வீரருக்கே சேரவேண்டும்.

இவ்விதிகளின் பொருளை உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் விரிவாக விளக்கியது. வலிப்பு நோயால் விடுவிக்கப்பட்ட வீரர் ஒருவரின் வழக்கு அது. காரணம் எழுதாமல் மருத்துவக் குழு தெரிவித்த கருத்தை வைத்து ஓய்வூதியத்தை மறுக்க இயலாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் வந்த மற்றொரு தீர்ப்பு நம் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது. மனச்சிதைவு சார்ந்த நோய் என்று முடிவு செய்யப்பட்டு 1977இல் விடுவிக்கப்பட்ட ஒரு வீரரின் மனுவைப் பற்றியது அது. வல்லுநர்களின் கருத்தில் நீதிமன்றங்கள் எளிதில் தலையிடுவதில்லை என்றாலும், அக்கருத்து ஆய்வுக்கு அப்பாற்பட்டதன்று என்று கூறிய நீதிபதிகள், புதிய மருத்துவக் குழுவைக் கொண்டு அவருடைய நிலையை மறு ஆய்வு செய்யுமாறு ஆணையிட்டனர். விடுவிக்கப்பட்டு 35 ஆண்டுகள் கடந்தபின் கிடைத்த ஆணை அது. 2025 மே மாதத்திலும் மனச்சிதைவு நோய்க்காக விடுவிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், காரணம் கூறாத மருத்துவக் குழுவின் கருத்தை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

இவற்றைப் படித்ததும் வெற்றி உறுதி என்று எண்ணிவிடலாகாது. 2019 அக்டோபரில் வந்த ஒரு தீர்ப்பு மறுபக்கத்தைக் காட்டுகிறது. மனநோய் விட்டுவிட்டு வரக்கூடியது. சேரும்போது நடக்கும் சோதனையில் அது புலப்படாமல் போகலாம். ஆகவே சேரும்போது பதிவு இல்லை என்ற ஒன்றைக் கொண்டே பணியால் வந்த நோய் என்று முடிவு செய்ய இயலாது என்று அதே நீதிமன்றம் கூறி, அந்த வீரரின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. 2008ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் விதிகள் மாற்றி எழுதப்பட்டுள்ளன. விடுவிக்கப்பட்ட நாளைப் பொறுத்துப் பொருந்தும் விதி வேறுபடும். எனவே பிறர் பெற்ற தீர்ப்பை மட்டும் நம்பிப் புறப்படாமல், தம்முடைய ஆவணத்தில் இருப்பது என்ன என்று ஆராய்வதே முதற்கடமை.

அந்த ஆய்வில் தேடவேண்டியவை சில உண்டு. நோயின் முதல் அறிகுறி எப்போது, எவ்விடத்தில் தோன்றியது? அப்போது அவர் போர்முனையிலா, கிளர்ச்சி ஒடுக்கும் பணியிலா, உயர்மலைக் காவலிலா, தனித்த நிலையொன்றிலா இருந்தார்? படை மருத்துவர்களுக்கென வகுக்கப்பட்ட 2008ஆம் ஆண்டின் வழிகாட்டி, மனநோய் இத்தகைய சூழல்களில் தோன்றினால் பணிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை ஏற்கவேண்டும் என்று கூறுகிறது. தலையில் அடிபட்டதுண்டா, உடன் பணிபுரிந்தவர் கண்முன் இறந்ததுண்டா, குடும்பத்தில் வேறெவருக்கேனும் மனநோய் உண்டா என்பவையும் கருதத்தக்கன. அக்காலத்தில் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். உறக்கமின்மையைப் பற்றியோ இனம்புரியாத அச்சத்தைப் பற்றியோ அவர் அன்று எழுதிய இரண்டு வரி, இன்று சான்றாகலாம்.

இதுவரை கூறியது, நோய் நோயாகவே பதியப்பட்டவர்களைப் பற்றியது. நோய் குற்றமாகப் பதியப்பட்டவர்களின் நிலை இதனினும் துயரமானது. விடுப்பு முடிந்தும் திரும்பாமை, மேலதிகாரியை எதிர்த்துப் பேசுதல், மதுவுக்கு அடிமையாதல், காவலின்போது சொல்லாமல் அகன்றுபோதல் ஆகியவை ஒழுங்கீனமாகவும் இருக்கலாம். கண்டறியப்படாத மனநோயின் முகங்களாகவும் இருக்கலாம். படையில் இவை தண்டனையாகச் சிவப்பு மையில் பதியப்படும். நான்கு சிவப்பு மைப் பதிவுகள் சேர்ந்தால், பணிக்குத் தகாதவர் என்று அனுப்பிவிடும் வழக்கம் இருந்தது. அவ்வாறு அனுப்புவதற்குமுன் முறையான விசாரணை நடத்தி, பணிக்காலம், அவர் பணிபுரிந்த கடினமான இடங்கள் முதலியவற்றை எண்ணிப் பார்க்கவேண்டும் என்றும், நான்கு பதிவுகள் மட்டுமே போதாது என்றும் 2015இல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒழுங்கீனத்தின் பேரில் அனுப்பப்பட்ட ஒருவருக்கு, ஊர் திரும்பிய சில மாதங்களில் மனநோய் உறுதி செய்யப்பட்டால், அந்த ஒழுங்கீனம் எதன் விளைவு என்று மீண்டும் கேட்பது நியாயமே.

இதில் அமெரிக்காவின் அனுபவம் கவனிக்கத்தக்கது. வியட்நாம் போரில் ஈடுபட்டுத் திரும்பிய வீரர்கள் பலர் ஒழுங்கீனத்தின் பேரில் மதிப்பிழந்த விடுவிப்புப் பெற்றனர். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடிக் கோளாறு அந்நாட்டு மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றதே 1980இல்தான். பெயரே இல்லாத நோய்க்கு அவர்கள் எவ்வாறு சான்று காட்டியிருக்க முடியும்? இதனை உணர்ந்த அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை, அத்தகையோரின் மனுக்களைத் தாராள மனத்துடன் அணுகுமாறு 2014இல் மறு ஆய்வுக் குழுக்களுக்கு அறிவுறுத்தியது. 2017இல் பிற மனநோய்களையும் தெளிவாக உள்ளடக்கி அதனை விரிவுபடுத்தியது. குற்றத்துக்கு நோய் காரணமாக இருந்திருக்குமா, இருந்திருப்பின் அது தண்டனையைத் தணிக்கவேண்டுமா என்பவை அக்குழுக்கள் கேட்கவேண்டிய கேள்விகளுள் அடங்கும். நம் நாட்டிலும் இக்கேள்விகள் எழுத்துவடிவில் வகுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு வீரரும் தனித்தனியே நீதிமன்றம் ஏறித்தான் இதனைப் பெறவேண்டும் என்பது முறையன்று. மனநலம் குன்றியவர்க்கு நீதிமன்றப் படிகள் மற்றவர்க்கு இருப்பதைவிட உயரமானவை.

எனினும் இன்றுள்ள வழிகளையும் அறிந்திருக்கவேண்டும். விடுவிப்பின்போது நடந்த மருத்துவக் குழு நடவடிக்கையின் படியை முதலில் பெறுங்கள். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16 என்னும் படிவம் அது. படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழும் கேட்கலாம். சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலிருந்து தம் மருத்துவ ஆவணங்களைக் கேட்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்கு அளித்துள்ளது. ஓய்வூதியம் மறுக்கப்பட்டால் முதல் மேல்முறையீடும், அதன்பின் இரண்டாம் மேல்முறையீடும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் காலவரம்பு 6 மாதம். அதன்பின் செல்லவேண்டியது ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் அமர்வு சென்னையிலும் உள்ளது. காலங்கடந்துவிட்டது என்று மனம் சோரவேண்டியதில்லை. ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் இழப்பு என்பதால், தாமதமான மனுக்களும் ஏற்கப்பட்டுள்ளன. ஆனால் நிலுவைத் தொகை பொதுவாக மனுவுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கே கிடைக்கும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்துள்ளது. ஆகவே ஒவ்வோர் ஆண்டுத் தாமதமும் ஓராண்டு ஓய்வூதியத்தை விழுங்குகிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழிகாட்டுதல் கிடைக்கும். மாற்றுத்திறனாளிகள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைப் பெறத் தகுதியுடையவர்கள்.

மருத்துவமனை இதழில் எழுதுவதால், இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். மறு ஆய்வுக் குழுவின் முன் செல்லும்போது நோய் குறைந்து காணப்பட்டால் ஓய்வூதியம் கிடைக்காது என்று அஞ்சி, மாத்திரைகளை நிறுத்திவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. இதனைவிடக் கொடிய தவறு வேறில்லை. மீண்டும் தலைதூக்கும் மனச்சிதைவு நோய் முன்பிருந்த நிலைக்கே திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. அந்த அச்சத்துக்கும் பெரும்பாலும் ஆதாரமில்லை. கேள்வி பெரிதும் விடுவிக்கப்பட்ட நாளில் இருந்த நிலையைப் பற்றியது. ஐந்தாம் ஊதியக் குழுவுக்குப்பின் வகுக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, ஒருமுறை ஏற்கப்பட்ட இயலாமை அளவு வாழ்நாள் முழுவதும் செல்லும். வீரர் தாமே கோரினாலன்றி மீண்டும் மதிப்பிடுவதில்லை. நிரந்தரமற்ற தன்மையுடைய குறைபாடுகளுக்கு மட்டும் ஒரேயொரு மறுமதிப்பீடு உண்டு. நலமடைவது எவருடைய உரிமையையும் பறிக்காது.

மற்றொரு அச்சம், பழையதைக் கிளறினால் நோயாளி கலங்கிவிடுவாரே என்பது. இது பொருளுள்ள அச்சம். எனவே மனுவின் சுமையை நோயாளியின் தலையில் ஏற்றாமல், குடும்பத்தில் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளட்டும். தாள்களைச் சேர்ப்பதும் அலுவலகங்களுக்கு அலைவதும் அவர் வேலையாகட்டும். ஆனால் நோயாளிக்குத் தெரியாமல் எதையும் செய்யலாகாது. எதற்காக விண்ணப்பிக்கிறோம் என்பதை அவர் தெளிந்திருக்கும் வேளையில் எடுத்துரைத்து, அவர் இசைவு பெற்று, அவரே கையெழுத்திடச் செய்யவேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதனையும் மதித்து, சில மாதங்கள் பொறுத்து மீண்டும் கேட்கலாம். முடிவு எதிராக வரக்கூடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தல் நலம். மனு தோற்றாலும் சிகிச்சை நிற்காது என்ற உறுதி அவருக்கு வேண்டும்.

சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களுக்கும் இதில் பங்குண்டு. ‘மனச்சிதைவு நோய், சிகிச்சையில் உள்ளார்’ என்ற ஒற்றை வரிச் சான்றிதழால் எவருக்கும் பயனில்லை. அறிகுறிகள் தொடங்கியதாகக் குடும்பத்தார் கூறும் காலம், முதற்சிகிச்சையின் நாள், பணிச்சூழல் பற்றி நோயாளி கூறியவை, மருத்துவரின் கருத்து, அக்கருத்துக்கான காரணம் ஆகியவை அடங்கிய சுருக்கமே பயன்தரும். காரணம் எழுதவில்லை என்று படை மருத்துவக் குழுவைக் குறைகூறும் நாம், நம் மருத்துவமனைத் தாள்களிலும் காரணத்தை எழுதவேண்டாமா?

ஓய்வூதியம் என்பது மாதந்தோறும் வரும் பணம் மட்டுமன்று. அதனுடன் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் சிகிச்சையும், தன் கையால் வீட்டுக்குப் பொருள் தரும் நிலையும் வருகின்றன. தாட்டு இழந்து நின்ற ஒருவர், நாட்டுக்காகப் பணிபுரிந்தபோது நோயுற்றவர் என்று அரசே ஏற்கும்போது நிமிர்ந்து நிற்கிறார். ஆகவே, பராமரிப்போர் அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மருந்துச் சீட்டுடன் அந்தப் பழைய விடுவிப்பு ஆணையையும் எடுத்து வாருங்கள். மருத்துவரிடமும் மருத்துவச் சமூகப் பணியாளரிடமும் காட்டுங்கள். அதில் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் படித்துப் பார்ப்போம்.