மேற்கே நிற்கும் நீர்

கடற்கரையில் வாழும் நமக்கு நீரால் வரும் ஆபத்து என்றதும் கிழக்குத் திசையே நினைவுக்கு வருகின்றது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி எழுந்தபோது, இலங்கையின் மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் அந்நாளை மறக்கவில்லை. எங்கோ நிலம் அதிர்ந்தது என்ற செய்தி வந்தவுடன் நமது கண்கள் கடலை நோக்குகின்றன. நன்று. ஆனால், நமது முதுகுப்புறத்தே, மேற்கில், நம்மைவிட உயர்ந்த நிலத்தில் மண்கட்டுகளின் பின்னே தேங்கி நிற்கும் நீரைப்பற்றி எத்தனை தடவை எண்ணுகின்றோம்?

பேரணையைப்பற்றி இங்கே பேச வரவில்லை. 1949இல் தொடங்கி 1951இல் முடிந்த இங்கினியாகலை அணையையும், அது தாங்கி நிற்கும் சேனாநாயக்க சமுத்திரத்தையும் கவனிக்கப் பொறியியலாளர் உளர். நாம் கருதுவது சிறு குளங்களை. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் தருபவை சிறு குளங்கள் எனப்படும். நாடெங்கும் பல்லாயிரமாய்ப் பரந்து கிடக்கும் இவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலும் கமக்காரர் அமைப்புகளின் பராமரிப்பிலும் உள்ளன. 2008ஆம் ஆண்டு உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய அணைப் பாதுகாப்புத் திட்டமும் பெரிய அணைகளையே முதலிற் கருதியது. சிறியவற்றுக்குக் காவல், அவற்றருகே நடமாடுவோரின் கண்களே.

குளம் உடைவது பெருமழை நாளில் மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. கந்தளாய்க் குளம் உடைந்தது 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலையில். அது நமது மாரிக்காலமன்று. பழமை வாய்ந்த அந்தப் பெருங்கட்டு உறங்கிக்கொண்டிருந்த மக்கள்மீது சரிய, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரிய குளமாதலால் அவ்வளவு சேதம் என்பாருக்கு இந்தோனேசியாவிலிருந்து ஒரு விடை உண்டு. ஜகார்த்தாவின் அருகே, ஒல்லாந்தர் ஆட்சியிற் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது சித்து கிந்துங் என்னும் சிறு ஏரி. காலப்போக்கில் வயல்கள் மறைந்தன. கட்டின் அடிவாரத்தில் வீடுகள் நெருங்கின. 2009ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் விடியுமுன் கட்டு உடைந்து சுமார் 100 பேர் இறந்தனர். கட்டு பழையது; அதன்கீழ் வந்து குடியேறிய மக்களோ புதியவர். அபாயத்தைப் பெருக்கியது இதுவேயாம்.

மண்கட்டு ஒரு நாளில் உடைவதில்லை. பல ஆண்டுகளாக உடைந்து வந்து, ஒரு நாளில் நமக்குத் தெரிகின்றது. எலியும் உடும்பும் வளை தோண்டுகின்றன. கறையான் புற்றெடுக்கின்றது. மாடுகள் ஏறி இறங்கும் தடம் ஆண்டுதோறும் தாழ்ந்து, கட்டின் தலை அவ்விடத்திற் பள்ளமாகின்றது; வெள்ளம் முதலில் வழிவது அப்பள்ளத்தினாலேயே. கட்டின்மேல் வளர்ந்த பெருமரத்தை வெட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பதும் தவறு. மண்ணுள்ளே விடப்பட்ட வேர் உக்கிப்போன பின்னர், அது கிடந்த வழியே நீருக்குக் குழாயாகிவிடும்.

எல்லாவற்றிலும் கவனிக்கத் தக்கது கசிவு. வெளிப்புற அடிவாரத்திலும் மதகின் ஓரத்திலும் நீர் ஊறுவதுண்டு. ஊறும் நீர் தெளிவாக, ஒரே அளவில் வருமாயின் குறித்து வைத்துக் கண்காணிக்கலாம். அதே நீர் கலங்கி வருமாயின், அது கட்டின் மண்ணையே அரித்துக்கொண்டு வருகின்றதென்று பொருள். அப்பொழுதே அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். பலர் அவசரத்தில் அந்த ஊற்றுவாயைக் களிமண்ணால் அடைத்துவிடுகின்றனர். உள்ளே அமுக்கம் மிகுந்து நீர் வேறிடத்தைப் பிளக்க அதுவே ஏதுவாகும். மணலும் அதன்மேற் சரளைக் கல்லும் இட்டு, நீர் வெளியேறவும் மண் தங்கவும் வழிசெய்வதே தக்க முறை.

இயற்கை செய்வது ஒருபுறமிருக்க, நமது கைகள் செய்வதும் உண்டு. இன்னும் ஓர் அடி நீர் நின்றால் சிறுபோகத்துக்கு உதவுமே என்று வானை மணல்மூட்டையால் உயர்த்துகின்றோம். மீன் வெளியேறாதிருக்க அங்கே வலையும் கட்டுகின்றோம். 1889இல் அமெரிக்காவின் சவுத் ஃபோர்க் அணையிலும் நீர் வழியும் வாயில் மீனுக்காகத் தட்டி வைத்திருந்தனர். அணையின் தலையையும் தாழ்த்தியிருந்தனர். பெருமழையில் அணை உடைந்து ஜான்ஸ்டவுன் நகரில் 2,200க்கு மேற்பட்டோர் மடிந்தனர். வான் குளத்தின் மூச்சுவழி. அதை அடைத்து ஒரு போகம் விளைவிப்பது இலாபமன்று.

முன்னாளில் இவற்றையெல்லாம் கவனிக்க வட்டைவிதானை இருந்தார். போகம் தொடங்குமுன் கமக்காரர் கூடிக் கட்டுக்கு மண்போட்டு, வாய்க்கால் வெட்டினர். தமிழ்நாட்டின் உத்தரமேரூரில் ஏரியைப் பராமரிக்க ஆண்டுதோறும் ஏரி வாரியம் தெரிந்தெடுத்தமை பத்தாம் நூற்றாண்டுச் சாசனத்தால் விளங்கும். குளத்தை ஆக்குவதைப்போலவே காப்பதும் ஒரு தொழில் என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர். இன்றோ நிலம் ஒருவருடையது, குத்தகைக்குச் செய்பவர் மற்றொருவர், வெட்டுவது இயந்திரம். கட்டின்மேல் நடப்பவர் அருகிவிட்டனர்.

ஆகவே, நேயர்களே, நகரவாசிக்கும் இதிற் பங்குண்டு. சம்மாந்துறை வெளிகளைக் கடந்துவரும் மாரி வெள்ளம் மாவடிப்பள்ளியிலும் கிட்டங்கியிலும் பாதையை மூடுவதை நாம் அறிவோம். மேலே ஒரு குளம் உடைந்தால் அதன் கீழுள்ள குளமும் தாங்காது. எல்லாம் கடலை நாடித் தாழ்நிலத்துக்கே வரும். 2025 நவம்பர் இறுதியிற் பெய்த பெருமழையில் திருகோணமலை மாவட்டத்து மாவிலாற்று அணைக்கட்டு உடைய, கீழ்ப்புறத்து மக்கள் இடம்பெயர நேர்ந்தது.

நாம் வேண்டுவது பெரும் பொருட்செலவன்று. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில், நீர் திறக்கும் திகதியோடு கட்டின் நிலைமையும் வாசிக்கப்படட்டும். மழைக்கு முன் புரட்டாதியில் கமக்காரர், கிராம சேவையாளர், கீழ்ப்புறத்து ஊரார் ஆகியோர் ஒருமுறை கட்டின் அடியையும் தலையையும் நடந்து பார்த்துக் கண்டதைக் கொப்பியில் எழுதட்டும். அடுத்த ஆண்டு அதனோடு ஒப்பிடட்டும். நள்ளிரவில் ஆபத்து வந்தால் எந்தப் பள்ளிவாசல், எந்தக் கோவில் ஒலிபெருக்கி ஒலிப்பது, மக்கள் எந்த மேட்டுக்குச் செல்வது என்பது முன்கூட்டியே தீர்மானமாகட்டும். தோணாக்களையும் வடிகால்களையும் மண்போட்டு நிரப்பி வீடு கட்டுவோரைத் தடுப்பதற்கு ஊராருக்குத் துணிவு வேண்டும்.

வயலுக்கு நீர் வேண்டுவோர் மட்டும் குளத்துக்கு உரியவரல்லர். அது உடைந்தால் யார் வீட்டு வாசலுக்கு நீர் வருமோ, அவரும் உரியவரே. கடலைக் காவல் காப்பது எவராலும் இயலாது. மண்கட்டை, மழைக்கு முன் ஒரு காலை வேளையில், எவரும் நடந்து பார்த்துவிடலாம்.