கதாபாத்திரம் அறிந்து இடுகிறோம்

பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது பழமொழி. இலக்கிய வாசகர்களாகிய நாமோ கதாபாத்திரம் அறிந்து இடுகிறோம். ஏழை நாட்டுப் பெண்பிள்ளைகளின் கல்விக்கென நம் கை நீளும்போதெல்லாம், முதலில் கதை கேட்கிறோம். கதை பிடித்துப்போனால் கணக்குக் கேட்பதில்லை. இந்தப் பழக்கத்தைக் குற்றம் என்றே சொல்ல விரும்புகிறோம். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்களும் நாமே.

2006இல் வெளிவந்த 'த்ரீ கப்ஸ் ஆஃப் டீ' நூலை வாசித்து நெகிழ்ந்தவர்கள் நம்மிடையே உண்டு. கே-2 சிகரத்தின் உச்சியை எட்டாமல் இறங்கிய கிரெக் மார்ட்டென்சன் என்னும் அமெரிக்கர், வழிதவறி, பாகிஸ்தானின் பல்திஸ்தான் பகுதியிலுள்ள கோர்ஃபே என்னும் சிற்றூரை அடைகிறார். திறந்த வெளியில் படிக்கும் பிள்ளைகளைக் கண்டு, பள்ளி கட்டித் தருவதாக வாக்களிக்கிறார். நூல் லட்சக்கணக்கில் விற்றது. அமெரிக்கப் பள்ளிச் சிறுவர்கள் சில்லறை சேர்த்து அனுப்பினார்கள். ஒபாமா தம் நோபல் பரிசுத் தொகையிலிருந்து 1,00,000 டாலரை மார்ட்டென்சனின் தொண்டு நிறுவனத்துக்கு வழங்கினார்.

2011 ஏப்ரலில் '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியும் எழுத்தாளர் ஜான் கிராக்கவரும் அந்தக் கதையைத் தையல் பிரித்துக் காட்டினார்கள். வழிதவறிக் கோர்ஃபேயை அடைந்ததாகச் சொன்னதே உண்மையல்ல என்றார் கிராக்கவர். காலத்தைச் சுருக்கிச் சொன்னதாக விளக்கினார் மார்ட்டென்சன். நிறுவனத்தின் கணக்கிலிருந்த பள்ளிகளில் சில, வெறும் கட்டடங்களாய் நின்றன. மான்டானா மாநிலத் தலைமை வழக்கறிஞரின் விசாரணைக்குப் பின், 2012இல், சுமார் 10 லட்சம் டாலரை நிறுவனத்துக்குத் திருப்பித் தர அவர் உடன்பட்டார். உண்மையாகவே இயங்கிய பள்ளிகளும் இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கண்டனங்கள் அனைத்தும் அந்த ஒரு மனிதர் மீதே பாய்ந்தன. வாசகர்கள் தப்பித்துக்கொண்டோம். கட்டடம் எழுந்த பிறகு ஆசிரியைக்கு மாதச் சம்பளம் யார் கொடுப்பார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? மலையில் கதை இருக்கிறது, அடிக்கல்லில் கதை இருக்கிறது. சம்பளப் பட்டியலில் கதை இல்லை. நாம் விரும்பிக் கேட்டதையே அவர் எழுதிக் கொடுத்தார்.

கதையே இல்லாத ஒரு முயற்சியைப் பாருங்கள். பங்களாதேஷில் 1982இல் ஒரு வட்டாரத்தில் தொடங்கி, 1994இல் நாட்டின் கிராமப் பகுதிகள் முழுவதற்கும் விரிந்தது மாணவியருக்கான உதவித்தொகைத் திட்டம். 6 முதல் 10ஆம் வகுப்பு வரை படிக்கும் பெண்ணுக்கு அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் சிறு தொகை. பள்ளிக்கு அவளது கட்டணம். 75 சதவீத வருகை, 45 சதவீத மதிப்பெண், இறுதித் தேர்வு வரை திருமணமின்மை ஆகியவை நிபந்தனைகள். அரசின் பணத்தோடு உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, நார்வே ஆகியோரின் பணமும் சேர்ந்தது. இடைநிலைப் பள்ளிகளில் பெண்களின் எண்ணிக்கை ஆண்களை எட்டிப் பிடித்து முந்தியது. குழந்தைத் திருமணம் அங்கே இன்னும் ஒழியவில்லை. ஆயினும் வகுப்பறை மாறியது. இதற்கு நாயகன் இல்லை. இதை வாசித்து எவரும் கண்கலங்கவும் இல்லை.

கல்வி அரசின் கடமை, தனியார் கொடை அக்கடமையை மழுங்கடிக்கும் என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. அவ்வாதத்தில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு ஆப்கானிஸ்தானே பதில். 2021இல் 6ஆம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குக் கதவை அடைத்தது அங்கே ஆட்சியிலிருப்போரே. ஜிம்பாப்வேயில் 1993இல் 32 சிறுமியரின் படிப்புச் செலவை ஏற்றுத் தொடங்கியது காம்ஃபெட் என்னும் தொண்டு நிறுவனம். அந்த முதல் அணியில் படித்த ஆஞ்சலின் முரிமிர்வா பின்னாளில் அதன் தலைமைப் பொறுப்புக்கே வந்தார். அரசு தன் கடமையை உணரும்வரை அவர் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பதின்மூன்று வயது ஒருமுறைதான் வரும்.

ஆகவே கொடுப்போம். ஆனால் நாம் கொடுக்கும் பணத்துக்கு ஈடாகச் சிறுமியின் புகைப்படத்தையும் நன்றிக் கடிதத்தையும் எதிர்பார்ப்பதை நிறுத்துவோம். அவளுக்கு எழுத வீட்டுப்பாடம் இருக்கிறது. ஆசிரியையின் ஊதியம் எங்கிருந்து வருகிறது, கழிப்பறையில் தண்ணீர் உண்டா, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் 10ஆம் வகுப்பை முடித்தார்கள் என்று கேட்போம். பதில்கள் சலிப்பூட்டும். அத்தகைய பதில்களைச் சலிக்காமல் சொல்பவர்களுக்கே நம் பணம் போகட்டும். கதைகளுக்கு நம்மிடம் நாவல்கள் இருக்கின்றன.