யார் கட்டிய கோட்டை, தாத்தா?



பள்ளி விடுமுறை என்றால் நமக்குப் பினாங்குதான். ஃபெர்ரியில் ஏறுவோம், லிட்டில் இந்தியாவில் சேலை எடுப்போம், வாழை இலையில் சாப்பிடுவோம், பொழுது சாயத் திரும்புவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். இம்முறை பேரப்பிள்ளைகள், "நடந்தே ஊரைப் பார்ப்போம்" என்று அடம் பிடித்தார்கள்.

துறைமுகத்திலிருந்து சற்று நடந்தால் மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி அரியணை ஏறி 60 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, 1897இல் செயா சென் இயோக் என்னும் சீனச் செல்வந்தர் வழங்கிய நன்கொடை அது. ஆண்டுக்கு ஓர் அடியாக, உயரம் 60 அடி.

பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. "இதை யார் கட்டினது, தாத்தா?" என்றாள் சின்னவள். "லைட் துரை" என்று சொல்ல வாயெடுத்தேன். 1786இல் பிரான்சிஸ் லைட் அமைத்தது நிபோங் மரவேலிதான். அவர் 1794இலேயே காலமாகிவிட்டார். 1804இல் தொடங்கி இதைச் செங்கல்லால் எழுப்பியவை, இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் கைகள். 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்திலும் கைதிகளின் உழைப்பு உண்டு. தேவாலயத்தின் முன்னே லைட் துரைக்கு நினைவு மண்டபம் நிற்கிறது. செங்கல் சுமந்தவர்களின் பெயரை நான் எங்கும் காணவில்லை.

பிள்ளை சற்று நேரம் பேசவில்லை. பிறகு சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

தேவாலயத்தைக் கடந்தால் குவான் யின் கோயில். அடுத்து, குயின் தெருவை நோக்கிய மகாமாரியம்மன் ஆலயம், 1833இல் எழுந்தது. அப்பால், தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவரான காதர் மைதீன் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சூலியா தெரு முனையில் நாகூர் தர்கா. நாலு சமயமும் கூப்பிடு தூரத்தில்! மலாக்காவோடு இந்நகரையும் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றதில் வியப்பென்ன?

தாய்மார்களே, காலையிலேயே கிளம்புங்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். வழிபாட்டுத் தலங்களுக்கு ஏற்ற உடை அணியுங்கள். பிள்ளைகள் "யார் கட்டியது?" என்று கேட்டால், பணம் கொடுத்தவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். பால் மரம் வெட்டி வளர்த்த நமக்கு, பெயரில்லாத உழைப்பு என்னவென்று தெரியாதா?

சேலையை மத்தியானம் எடுத்துக்கொள்ளலாம்.