தபாலில் சிறைப்பட்ட பத்திரிகை

பத்திரிகையொன்றின் வாயை அடைக்க விரும்பும் சர்க்கார் அதன் ஆசிரியரைச் சிறையிலிட வேண்டுவதில்லை; தபாற்கட்டை நிறுத்தினாலே போதும். 1878-ஆம் வருஷத்துத் தேசபாஷைப் பத்திரிகைச் சட்டத்தையும், பின்வந்த ஜாமீன் தொகைகளையும் அறிந்த நேயர்களுக்கு இதை விரித்துரைப்பது மிகை. ஆயினும் அமெரிக்க தேசத்தில் நிகழ்ந்த ஒரு வழக்கை இன்று நினைவூட்ட விரும்புகிறோம்.

லாஸ் ஏஞ்ஜல்ஸ் நகரில் 1953 ஜனவரியில் ‘ஒன்’ என்னும் மாதப் பத்திரிகை தோன்றிற்று. தன்பால் ஈர்ப்பினர் தமக்காகத் தாமே நடத்திய பத்திரிகை அது. அவ்வருஷம் ஏப்ரலில் ஜனாதிபதி ஐஸன்ஹோவர் பிறப்பித்த உத்தரவொன்றால் இத்தகையோர் ராஜாங்க உத்தியோகத்தினின்றும் விலக்கப்பட்டனர். எழுதினவர்களிற் பலர் புனைபெயரில் மறைந்ததில் வியப்பென்ன? 1954 அக்டோபர் இதழைத் தபாலதிகாரி ஆபாசமென்று தடுத்து வைத்தார். அவ்விதழின் முகப்புக் கட்டுரை யாதெனில், அச்சிடத் தகாதவை எவையென்று பத்திரிகையின் வக்கீல் விளக்கி எழுதியதே! சட்டத்துக்கு அடங்கி நடக்கும் வழியைச் சொன்ன இதழே சட்ட விரோதமாயிற்று.

எரிக் ஜூல்பர் என்னும் இளம் வக்கீல் வழக்கை ஏற்றார். கீழ்க் கோர்ட்டில் தோல்வி, அப்பீலிலும் தோல்வி. 1958 ஜனவரி 13-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் வாய்மொழி வாதம் கேளாமலே இரண்டொரு வரியில் அத்தீர்ப்புக்களைத் தள்ளிவிட்டனர். நீண்ட தீர்ப்புக்களைப் படித்துக் கண் பூத்த வக்கீல்களாகிய நாம் சொல்லுகிறோம்: அவ்விரண்டு வரிக்கு ஈடான பெருந்தீர்ப்புக்கள் சிலவே. தன்பால் ஈர்ப்பினரைப் பற்றி எழுதுவதனாலேயே ஒரு பத்திரிகை ஆபாசமாகிவிடாது என்பது அன்று நிலைபெற்றது.

‘ஒன்’ பத்திரிகையார் அடக்கமாகப் பேசி உரிமை கேட்டவர்கள். 1971-இல் பாஸ்டன் நகரில் தோன்றிய ‘ஃபாக் ராக்’ கூட்டத்தாரோ எவருடைய அனுமதியையும் கேட்டவர்களல்லர். உலகம் தம்மை ஏசிய சொல்லையே பெயராகச் சூடிக் கொண்டார்கள். ஸான் பிரான்ஸிஸ்கோவில் வின்ஸ்டன் லேலண்ட் நடத்திய ‘கே ஸன்ஷைன்’ அவர்களுக்குத் தோழமைப் பத்திரிகை. அதில் ஆலன் கின்ஸ்பெர்க், கிறிஸ்டபர் இஷர்வுட் முதலிய எழுத்தாளர்கள் மனந்திறந்து பேசினார்கள். ‘ஃபாக் ராக்’ கூட்டத்தாரைச் சார்ந்த அச்சகமே ஜான் வீனர்ஸ் என்னும் கவிஞரின் நூலை 1975-இல் வெளியிட்டது.

அவர்கள் செய்ததெல்லாம் நமக்கு உடன்பாடன்று. சரித்திர ஆசிரியரான சார்லி ஷைவ்லி 1977-இல் பாஸ்டன் கூட்டமொன்றில் தம் ஹார்வர்ட் பட்டத்தையும், விவிலியத்தின் ஏடுகளையும் தீயிலிட்டார். பிறர் போற்றும் வேதத்தை எரிப்பதை நாம் ஒப்போம். அவருடைய கூட்டத்தாரிலேயே பலர் சினந்தனர். ஆனால் நமக்குப் பிடித்ததை மட்டும் அச்சிடலாமென்பது சுதந்திரமன்று, சலுகை. பிடிக்காததை மறுத்தெழுத நமக்கும் பேனா இருக்கிறது, தபாலதிகாரி எதற்கு?

“இவை பரவினால் ஒழுக்கம் கெடும்” என்பர் சிலர். தனித்து அஞ்சிக் கிடந்த மனிதனுக்கு அவனைப் போல் பிறரும் உளர் என்று கூறியதால் எந்த ஒழுக்கம் கெட்டது? ஆங்கிலேயர் 1860-இல் வகுத்த தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு நம் நாட்டிலும் இவர்களைக் குற்றவாளிகளாக்கிற்று. அந்நியன் இட்ட அவ்விலங்கைத் தன்னாட்சி பெற்ற பின்னும் எழுபதாண்டு நாம் சுமந்தோம். 1990-இல் அசோக் ராவ் கவி ‘பாம்பே தோஸ்த்’ பத்திரிகையைத் தொடங்கியபோது அவ்விலங்கு இருந்தது. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் வயது வந்தோரின் சம்மத உறவைப் பொறுத்தவரை அதனைத் தறித்தனர். முதலில் பேசியவை சிறு பத்திரிகைகளே. கோர்ட்டுகள் பின்னர் வந்தன.

ஆனால் காகிதம் அழியும் பொருள். 1982 ஜூலையில் பாஸ்டன் கட்டிடமொன்றில் மூண்ட தீயில் ‘ஃபாக் ராக்’ காரியாலயம் சாம்பலாயிற்று. ‘ஒன்’ பெயர் தாங்கிய ஏட்டுச் சேகரமோ இன்று தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் பாதுகாப்பாயிருக்கிறது. ஒரு காலத்தில் தபாற்பையில் அடைபட்ட இதழை மாணவர்கள் மேஜையில் விரித்துப் படிக்கிறார்கள்.

நம் புஸ்தகசாலைகளின் அதிகாரிகள் இதைக் கவனிப்பார்களாக. நூறு பிரதி விற்ற ஏடென்று சிறு பத்திரிகையை ஒதுக்க வேண்டாம். விருப்பு வெறுப்பின்றிச் சேர்த்து வைக்கட்டும். இன்று பழங்கடைக்குப் போகும் காகிதத்தில் நாளைய நியாயத்துக்கான சாட்சியம் இருக்கக்கூடும்.