பெயரையும் இழந்த சிறுவன்

உடப்பு முதல் கற்பிட்டி வரை நீளும் நம் கடற்கரையில் கரைவலைக் காலம் தொடங்கிவிட்டால், வகுப்பறையில் சில இருக்கைகள் வெறுமையாகிவிடும். அவ்வாறு பத்து நாட்கள் வராதிருந்து திரும்பிய மாணவன் ஒருவனை, எல்லோர் முன்னிலையிலும் 'சோம்பேறி' என்று அழைத்தேன். அவன் மறுமொழி கூறவில்லை. கயிறு இழுத்துக் காய்த்துப்போன கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டான். நான் செய்த பிழையை எனக்கு உணர்த்தியது ஒரு நாவல்.

பெருமாள் முருகன் எழுதி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'கூளமாதாரி' என்பதே அது. கதை நிகழுமிடம் தமிழ்நாட்டின் கொங்கு நாட்டுச் சிற்றூர். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குலத்தில் பிறந்த சிறுவன் கூளையன், பெற்றோர் பட்ட கடனுக்காகக் கவுண்டர் ஒருவரிடம் ஆடு மேய்க்க விடப்படுகிறான்.

வறுமையைச் சொல்லும் கதைகள் பல, பசியோடு நின்றுவிடும். இங்கும் பசி உண்டு. ஆனால் ஆசிரியர் அதற்கு அப்பாலும் நம்மை அழைத்துச் செல்கிறார். கூளையனின் உழைப்புக்குரிய கூலி அவன் கைக்கு வருவதில்லை. அவனுடைய பகலும் இரவும் பிறருக்கு உரியவை. தேங்காய் திருடியதற்காக அவனைக் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிடும் இடத்தைப் படிக்கும்போது, அவன் உடல்கூட அவனுக்குச் சொந்தமில்லை என்பது விளங்குகிறது. பெயரும் அப்படியே. குட்டையாக இருப்பதனால் அவன் கூளையன். அவனுடைய தோழர்கள் நெடும்பன், வவுறி, செவிடி. உடலின் குறையோ வடிவமோதான் அவர்களுக்குப் பெயர்.

ஆயினும் ஆசிரியர் நம்மிடம் இரக்கத்தை யாசிக்கவில்லை. பனைமரங்களுக்கிடையே அச்சிறுவர்கள் ஆடுகிறார்கள், சிரிக்கிறார்கள், பூசலிடுகிறார்கள். ஒவ்வோர் ஆட்டின் குணத்தையும் அறிந்து வைத்திருக்கிறார்கள். இத்தனை நிறைந்த பிள்ளைப்பருவத்தை நாம் கண்டுவிடுவதனாலேயே, அது பறிபோகும்போது நெஞ்சு கனக்கிறது. பண்ணையார் மகன் செல்வன் அவர்களோடு தோழனாக விளையாடுவான். மறுகணமே எசமானாக மாறிவிடுவான். ஏற்றத்தாழ்வு பிள்ளைகளின் நட்புக்குள்ளும் புகுந்து நஞ்சாவதை இதைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

முல்க் ராஜ் ஆனந்த் 1936இல் எழுதிய 'கூலி' நாவலின் முனூ, ஊர் ஊராக அலைந்து உழைத்துத் தேய்ந்து மடிகிறான். கூளையனுக்கோ அவ்வாறு அலையவும் வழியில்லை. மேய்ச்சல் நிலமே அவன் சிறை.

நம் நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி உண்டு. நம் மாணவர் எவரும் கூளையன் அல்லர் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆயினும், கட்டணம் இல்லாத பள்ளிக்கும் வரமுடியாத நாள் ஒரு சிறுவனுக்கு உண்டு. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! அந்நாளில் அவனுக்கு நாம் சூட்டும் பட்டப்பெயர், அவனிடம் எஞ்சியிருப்பதையும் பறித்துவிடும்.

உயர்வகுப்பு மாணவர்கள் இந்நாவலைத் தேடிப் படிக்க வேண்டும். வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பும் 2004இல் வெளிவந்துள்ளது.

நூலைப் படித்து முடித்த மறுநாள், அம்மாணவனைப் பெயர் சொல்லி அழைத்தேன். வகுப்பின் முன்னிலையிலேயே மன்னிப்பும் கேட்டேன். விடுபட்ட பாடங்களை இப்போது மாலை வேளைகளில் இருவரும் படித்து வருகிறோம்.